குழாய்த் தண்ணீருக்கும் கடைமடை உண்டு: ஊர்க் குடிநீரின் பங்கீட்டையும் இடரையும் அளந்து பார்க்கும் முறை

பாசன வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருப்பவரைக் கடைமடைக்காரர் என்கிறோம். ஆற்றில் நீர் பெருகும் ஆண்டில் அவருக்குத் தாமதமாக வரும். குறையும் ஆண்டில் வராமலே போகும். ஊர்க் குடிநீர்க் குழாய்க்கும் இப்படியொரு கடைமடை உண்டு. குழாய் மண்ணுக்குள் கிடப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. மத்திய அரசு 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவித்த ஜல் ஜீவன் திட்டம், ஊரகப் பகுதியில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 55 லிட்டர் நல்ல தண்ணீர் வீட்டுக் குழாயிலேயே கிடைக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஆனால், பல ஊர்களில் இந்த அளவு எட்டப்பட்டதாகக் காட்டும் கணக்கு, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றிய நீரை மக்கள் தொகையால் வகுத்து எழுதப்படுவது. அந்தக் கணக்கு தொட்டியைப் பற்றிச் சொல்கிறதே தவிர, தெருக்கோடியில் குடத்தோடு நிற்பவருக்கு என்ன கிடைத்தது என்று சொல்வதில்லை. அதைக் கண்டறிய நாமே அளக்க வேண்டும். அளப்பது கடினமும் அல்ல. ஒரு வாரமும் ஓரளவு பொறுமையும் இருந்தால் போதும்.

தேவைப்படுபவை ஒரு 10 லிட்டர் வாளி, நேரம் பார்க்க ஒரு கைபேசி, கோடு போட்ட நீள நோட்டு ஒன்று, கூட வருவதற்கு நான்கைந்து பேர். அந்த நான்கைந்து பேரில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கட்டும். ஒருவராவது கடைசித் தெருவைச் சேர்ந்தவராக இருக்கட்டும். தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, எந்தக் குழாயில் முதலில் நிற்கிறது, யார் வீட்டு மோட்டார் ஓடினால் தமது குழாய் காற்று விடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். நம் வேலை, அவர்களுக்குத் தெரிந்ததை மற்றவர்கள் மறுக்க முடியாத எண்ணாக மாற்றுவது.

வால்வு திறப்பவரிடமிருந்து தொடங்குங்கள்

முதல் நாள், தொட்டியை இயக்கி வால்வு திறந்துவிடும் பணியாளரோடு ஊரை ஒரு சுற்று நடந்து வாருங்கள். குழாய் எந்த வழியே போகிறது, எங்கே கிளை பிரிகிறது, எந்த இடத்தில் அடிக்கடி உடைகிறது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் திறக்கிறார் என்பவை பெரும்பாலும் அவர் நினைவில் மட்டுமே இருக்கும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சொற்ப ஊதியத்தில், விடியலிலிருந்து பலருடைய அதட்டலுக்கும் ஆளாகி வேலை செய்பவர் அவர். “இங்கே இன்னும் பத்து நிமிடம் விடு” என்று செல்வாக்குள்ள வீட்டார் சொல்லும்போது மறுக்கும் வலிமையை ஊர் அவருக்குக் கொடுத்ததில்லை. நம் பழைய ஏரிப் பாசனத்தில் வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளுக்கு, மடையில் யாரும் குறுக்கிடக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடு துணை நின்றது. குழாய்த் தண்ணீரைப் பங்கிடுபவருக்கு அப்படியொரு துணை இல்லை.

நடந்து பார்த்ததை ஒரு பெரிய தாளில் வரையுங்கள். தொட்டி, ஆழ்துளைக் கிணறு, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் இணைப்பு, வால்வுகள், தெருக்குழாய்கள், அடிபம்புகள், பழைய பொதுக் கிணறுகள் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். பிறகு, குழாயே போகாத குடியிருப்புகளைக் குறியுங்கள். வீட்டு வரி ரசீதோ பட்டாவோ இல்லாததால் இணைப்பு கேட்க முடியாதவர்கள், செங்கல் சூளையில் தங்கி வேலை செய்யும் குடும்பங்கள், புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள், ஊருக்கு வெளியே இருக்கும் இருளர் குடியிருப்பு ஆகியவை பதிவேட்டின் மக்கள் தொகையில்கூடச் சேராமல் விடுபட்டிருக்கலாம். பட்டியல் சாதி மக்களின் குடியிருப்பு குழாய்த்தடத்தில் எங்கே அமைந்திருக்கிறது என்பதையும் தயங்காமல் குறியுங்கள். அது பல ஊர்களில் கிளைக்குழாயின் நுனியில் இருக்கிறது. இதைத் தற்செயல் என்று கடந்துபோவது நேர்மையாகாது.

வாளியும் கடிகாரமும்

அளக்க வேண்டிய வீடுகள் தெருவுக்கு மூன்று. தொட்டிக்கு அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. நேரம் குறைவாக இருந்தால் நடுவீட்டை விட்டுவிடலாம். கடைசி வீட்டை ஒருபோதும் விடக் கூடாது. வால்வு திறந்த நேரம், அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், வாளி நிரம்ப எடுத்த நேரம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். வாளி நிரம்பும் நேரத்தைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலுமாக மூன்று முறை எடுத்துச் சராசரி காணுங்கள்.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில், வால்வு 75 நிமிடம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டிக்கு அருகிலுள்ள வீட்டில் வாளி 50 விநாடியில் நிரம்புகிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 12 லிட்டர். 75 நிமிடத்தில் 900 லிட்டர். அந்த வீட்டில் நான்கு பேர் என்றால் ஒருவருக்கு 225 லிட்டர். இரண்டு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 112 லிட்டருக்குச் சற்று மேல். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வந்து சேரவே 35 நிமிடம் ஆகிறது. மீதி 40 நிமிடத்தில், வாளி நிரம்ப 4 நிமிடம் எடுக்கும் ஒழுக்கில், கிடைப்பது 100 லிட்டர். ஐந்து பேர் உள்ள அந்த வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர். இப்போது இரண்டு வீடுகளையும் சேர்த்துச் சராசரி பாருங்கள்: 1,000 லிட்டர், ஒன்பது பேர், இரண்டு நாள். ஒருவருக்கு 55 லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. பதிவேட்டில் இந்த ஊர் தேறிவிடும். ஆகவே, நீங்கள் எழுதும் அறிக்கையில் சராசரியை எங்கேயும் முன்னிறுத்தாதீர்கள். கடைசி வீட்டின் எண்ணை முதல் வரியில் எழுதுங்கள்.

அளக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மழை முடிந்த தை மாதத்தில் எடுத்த அளவு ஊரின் உண்மை நிலையைக் காட்டாது. கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை, இயன்றால் மின்தடையோ மோட்டார் பழுதோ ஏற்பட்ட வாரத்தில் ஒருமுறை எடுக்க வேண்டும். தலைமடை வீட்டுக்கு மோசமான நாளிலும் ஓரளவு கிடைத்துவிடும். கடைமடை வீட்டுக்கு ஆண்டில் எத்தனை நாள் ஒன்றுமே வருவதில்லை என்பதுதான் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

நேரமும் பணமும்

குறைவாக வரும் தண்ணீருக்கு ஈடாக ஒருவர் தம் உடலையும் நேரத்தையும் பணத்தையும் கொடுக்கிறார். அந்தக் கணக்கையும் நோட்டில் சேர்க்க வேண்டும். 15 லிட்டர் குடத்தால் 100 லிட்டர் கொண்டுவர ஏழு நடை. போய் வர, வரிசையில் நிற்க என நடைக்கு 20 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். யார் போகிறார், எந்த வேளையில் போகிறார், அதனால் எந்த வேலை விடுபடுகிறது, பள்ளிக்குப் போகும் பெண் குழந்தை அந்த வரிசையில் நிற்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள். இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் நெடுந்தொலைவு போவதைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீர் வரி எவ்வளவு குறைவாக இருந்தாலும் தண்ணீர் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பது தெரியும். நீர் ஆதாரம் வீட்டிலிருந்து 1,000 மீட்டருக்குள் இருக்க வேண்டும், கொண்டுவர 30 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது, செலவு குடும்ப வருமானத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பவை ஐக்கிய நாடுகள் அமைப்பு முன்வைக்கும் அளவுகோல்கள். குடிநீரை மனித உரிமையாக அதன் பொதுச்சபை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது 2010 ஜூலை 28 அன்று.

பணக் கணக்கை ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும். 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 1,500 ரூபாய் ஆகிறது. குழாய் இணைப்புக்கு மாதம் முழுவதற்கும் கட்டும் தொகையோடு இதை அருகருகே எழுதினால், குழாயில் தண்ணீர் வராத ஏழைக் குடும்பம் ஒவ்வொரு லிட்டருக்கும் வசதியான குடும்பத்தைவிடப் பல மடங்கு கொடுப்பது தெரிந்துவிடும்.

தரத்தைப் பார்க்கும்போது கடைசிக் குழாயில் பாருங்கள்

பங்கீட்டுக் குறைவும் நோயும் தனித்தனிச் செய்திகள் என்று பலர் நினைக்கிறார்கள். அவை ஒரே குழாயில்தான் நடக்கின்றன. நாள் முழுவதும் தண்ணீர் நிரம்பி அழுத்தத்தோடு இருக்கும் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். சில மணி நேரம் மட்டும் தண்ணீர் ஓடும் குழாயில், வால்வை மூடியதும் அழுத்தம் இறங்கி, சுற்றிலும் தேங்கியிருக்கும் சாக்கடை நீர் அதே ஓட்டை வழியே உள்ளே புகும். யாராவது இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த உள்ளிழுப்பு இன்னும் கூடும். ஆக, மோட்டார் வைத்தவர் அடுத்த வீட்டின் பங்கை எடுப்பதோடு, அந்த வீட்டுக்குக் கழிவையும் வரவழைக்கிறார். தமக்கும் அதையே வரவழைத்துக்கொள்கிறார் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னால், பங்கீடு பற்றிய பேச்சுக்குச் செவிகொடுக்காதவரும் சில நேரம் கேட்பார்.

குளோரின் அளவைக் குளோரோஸ்கோப் என்னும் சிறு பெட்டியால் பார்க்கலாம். குழாய் நீரில் சொட்டு மருந்து விட்டு, உண்டாகும் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இந்தியத் தர அமைவனத்தின் 10500 எண் தரநிலைப்படி எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். தொட்டியடியில் 0.5 காட்டும் தண்ணீர் கடைசி வீட்டில் நிறமே காட்டாமல் போகக்கூடும் என்பதால், இரண்டு இடங்களிலும் ஒரே நாளில் பாருங்கள். மலக் கலப்பு இருக்கிறதா என்று அறிய, ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி உதவும்; நீரை ஊற்றி மூடி வைத்தால், கலப்பு இருக்கும்போது ஓரிரு நாளில் கறுத்துவிடும். முதலில் வரும் தண்ணீரைத் தனியாகவும், ஐந்து நிமிடம் கழித்து வருவதைத் தனியாகவும் சோதியுங்கள். குழாயில் தேங்கிய அழுக்கு முதல் தண்ணீரில்தான் வரும். அதைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம் என்று அறிவுரை சொல்வது எளிது. ஆனால் 40 நிமிடம் மட்டும் தண்ணீர் வரும் வீட்டுக்கு ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுப்பது, கிடைப்பதில் எட்டில் ஒரு பங்கை இழப்பதாகும். அந்த முதல் நீரைப் பாத்திரம் கழுவவும் துணி அலசவும் தனி வாளியில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஊரில் இன்னொரு சோதனையும் கட்டாயம் வேண்டும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு ஆதாரம் இல்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம். நைட்ரேட்டுக்கு வரம்பு 45 மில்லிகிராம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடால் பற்களில் பழுப்புக் கறையும் எலும்பு பாதிப்பும் வந்ததால்தான் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள். மாதிரி நீரை மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம்.

எது நின்றால் யாருக்கு நிற்கும்

இடரைக் கணிக்க வரைபடத்தை மீண்டும் விரித்து, ஒவ்வொரு பொருளின் மீதும் விரலை வைத்து, “இது பழுதானால் எந்த வீட்டுக்கு முதலில் தண்ணீர் நிற்கும், எத்தனை நாள் தாங்குவார்கள்” என்று கேளுங்கள். ஒரே ஆழ்துளைக் கிணறும் ஒரே மோட்டாரும் உள்ள ஊரில், மோட்டார் எரிந்துபோகும் வாரத்தில் வீட்டில் சம்ப்பும் சின்டெக்ஸும் வைத்திருப்பவர் தப்பிப்பார். நான்கு குடம் மட்டுமே வைத்திருப்பவர் மறுநாளே தவிப்பார். சேமிக்கும் இடம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே பழுது இருவேறு இடராக மாறுவதால், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை லிட்டர் பிடித்து வைக்க முடியும் என்பதையும் எழுதுங்கள்.

சென்னையில் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றியபோது நடந்தது இதுதான். ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஜூலை 12 அன்று வந்து சேர்ந்ததை நாடே பார்த்தது. அதே நாட்களில், பணம் உள்ள அடுக்ககங்கள் தனியார் லாரியை வரவழைத்துக்கொண்டன. லாரிக்குப் பணம் இல்லாதவர்கள் தெருவில் குடங்களோடு சென்னைக் குடிநீர் வாரியத்தின் லாரிக்காகக் காத்திருந்தார்கள். அந்தத் தனியார் லாரிகளில் பல புறநகர்க் கிராமங்களின் கிணறுகளிலிருந்து நிரப்பப்பட்டவை. நகரத்தின் இடர், விலை பேசப்படாமல் அந்தக் கிராமங்களின் தலையில் இறங்கியது. உங்கள் ஊரிலிருந்து லாரியில் தண்ணீர் வெளியே போகிறதென்றால், எந்தக் கிணற்றிலிருந்து, நாளுக்கு எத்தனை லாரி என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

மழை மிகுந்தாலும் குடிநீர் நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது, ஆற்றை நம்பிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் சேதமடைந்து, சுற்றிலும் வெள்ளம் நிற்கக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மக்கள் தவித்தார்கள். கூட்டுக் குடிநீர் வந்ததும் ஊர்க் கிணற்றைத் தூர்த்துவிடுவதும் அடிபம்பைக் கழற்றிவிடுவதும் எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்த வாரம் காட்டியது. பழைய கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, மூடி போட்டு வைத்திருப்பதே மாற்று ஆதாரத்துக்கு மலிவான வழி.

தொட்டியின் பாதுகாப்பையும் இடர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் பயன்படுத்திய மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்ட கொடுமையை நாம் மறந்துவிடக் கூடாது. ஏணிக்குப் பூட்டு, மூடிக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்ற பதிவு, தொட்டி கழுவிய தேதி ஆகியவற்றைப் பாருங்கள். பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றைப் பயன்படுத்த எவரையும் சாதி காட்டித் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கூறுகிறது. அத்தகைய தடை உங்கள் ஊரில் மறைமுகமாக இருந்தாலும், அதைக் கிராம சபையில் பேசித் தீர்க்கும் பங்கீட்டுச் சிக்கலாகக் கருதாமல், குற்றமாகக் கருதிக் காவல் துறையிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்தில் கொடுங்கள்.

கிராம சபையில் வைக்கும் விதம்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதாலும் கோடைக்கு முந்தையது என்பதாலும் இதற்குப் பொருத்தமானது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, மோட்டார் ஓடிய நேரப் பதிவேடு, குளோரின் பதிவேடு, கடைசியாக எடுத்த ஆய்வக முடிவு, கடந்த ஆண்டு மோட்டார் பழுதாகிக் கிடந்த நாட்கள் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நகரவாசிகள் தமது வார்டின் பகுதி சபையில் இதையே செய்யலாம்.

சபையில் பேசும்போது குறையைச் சொல்லி நிறுத்தாமல், தீர்மானமாக எழுதக்கூடிய வாக்கியங்களைக் கையில் கொண்டுபோங்கள். என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியது முறை மாற்றம்: தெருக்களுக்குத் தனித்தனி வால்வு வைத்து, கடைசித் தெருவுக்கு முதலில் திறந்து, தொட்டியடித் தெருவுக்குக் கடைசியில் திறப்பது. இதற்குப் பெரிய செலவில்லை. அடுத்தது, திறக்கும் நேர அட்டவணையைத் தொட்டியடியில் பலகையாக எழுதி வைப்பது. பலகை இருந்தால் வால்வு திறப்பவர் அதைக் காட்டி மறுக்க முடியும். பிறகு, கடைமடையில் ஒரு சிறு தொட்டி அமைத்து இரவில் நிரப்பி வைப்பது, மாற்று மோட்டார் வாங்குவது, வரி ரசீது இல்லாத குடும்பங்களுக்கு உடனடியாகத் தெருக்குழாய் அமைப்பது. மோட்டார் வைத்து உறிஞ்சும் இணைப்புகளை நீக்கும் தீர்மானம் கொண்டுவருவதானால், செல்வாக்குள்ள வீடுகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். எளியவர் வீட்டு மோட்டாரை மட்டும் பறித்துவிட்டு ஓய்ந்துபோன நடவடிக்கையை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்த ஊரில் பங்கீடு பற்றிப் பேச யாரும் முன்வரவில்லை.

தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்து, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அதே வாளியோடு, அதே வீடுகளில், அதே வேளையில் மறுபடியும் அளவெடுங்கள். தலைமடை வீட்டில் வாளி நிரம்பும் நேரம் சற்றுக் கூடியிருந்து, கடைசி வீட்டில் குறைந்திருந்தால் முறை மாற்றம் வேலை செய்கிறது. இரண்டிலும் மாற்றமில்லை என்றால் குழாயில் அடைப்போ கசிவோ இருக்கலாம். அந்தத் தடத்தைத் தோண்டிப் பார்க்கச் சொல்லித் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் இரண்டு மாத எண்களையும் இணைத்து மனு கொடுங்கள். நோட்டைக் கடைசித் தெருவிலுள்ள ஒருவர் வீட்டிலேயே வைத்திருங்கள். தண்ணீர் வராத நாளை மறக்காமல் குறித்து வைப்பவர் அவர்தான்.